வலிக்கு நான் போட்ட முட்டை மார்க்

பாசத்துக்குரிய அக்காவுக்கு, உன் ஒரே தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி வணங்கி எழுதுவது. இங்கே நானும் தையலும் நலம். அங்கே உன் முழங்காலும் அத்தானோட கோபமும் எப்படின்னு எழுதவும்.

அக்கா, நீ பெத்த மூணும் ஒரே ஆராய்ச்சி நிலையத்துல மாடிக்கு ஒண்ணா உட்கார்ந்திருக்குங்க. கீழே பெரியவ, சத்துப்போன மண்ணுக்கு நாடி பாக்கறா. நடுமாடியில நடுவுள்ளவ, வலி வந்தா எச்சில்ல ஏறுமாமே ஒரு ஹார்மோன், அதைத் தேடறா. மேலே ஆஸ்பத்திரியில நம்ம கடைக்குட்டி, ஆபரேஷன் வலிக்குப் புது மருந்து சோதிக்கிறா. நாலாங்கிளாஸ் தாண்டாத மாமனுக்கு நெஞ்சு நிமிராதா? லாரி ஆபீசுல என்கூட மூட்டை தூக்கறவனெல்லாம் என்னைக் கண்டா ஓடறான், மறுபடியும் மருமக புராணம் ஆரம்பிச்சிடுவேன்னு.

தூக்கித் தூக்கி எனக்குக் குடலிறக்கம் வந்ததும் ஒரு அதிர்ஷ்டம்தான். கடைக்குட்டி இருக்கற ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். அங்கே பெரிய டாக்டரம்மா, "மருந்துச் சோதனைக்குச் சம்மதமா?"ன்னாங்க. பாதிப் பேருக்குப் பழசு, பாதிப் பேருக்குப் புதுசு, யாருக்கு எதுன்னு ஊசி போடறவங்களுக்கே தெரியாதாம். வலிக்குப் பத்துக்கு எத்தனைன்னு நாம மார்க் போடணுமாம். நம்ம குட்டியோட மருந்தாச்சே! மாமன்னு மூச்சு விடாம கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்கு வந்தது புதுசுதான்னு சந்தேகமே இல்லை. தெரியாமப் போட்டாலும் சொந்த மாமனுக்குப் பழசா வந்து சேரும்?

மயக்கம் தெளிஞ்சதும் நர்ஸம்மா, "வலி எவ்வளவு?"ன்னாங்க. வயித்துக்குள்ள ஒருத்தன் கடப்பாறை போட்டுக் கிணறு வெட்டிக்கிட்டிருந்தான். "முட்டை"ன்னேன். சாயங்காலமும் முட்டை. இருமினப்போ உயிர் போய் வந்துது, அப்பவும் முட்டைதான். ஒவ்வொரு தடவையும் வாயில பஞ்சு வச்சு எச்சில் வேற வாங்கி, கட்டில் நம்பரை எழுதி நடுமாடிக்கு அனுப்பினாங்க.

மறுநாள் என்னைப் பார்க்க வந்ததுங்க மூணும். கட்டில் நம்பரைப் பார்த்து நடுவுள்ளவ அலறினா: "அய்யோ, அந்த எச்சில் உங்களுதா மாமா? வாய், வலி இல்லைங்குது, ஹார்மோன் கூரையைப் பிச்சுக்கிட்டு நிக்குது!" பெரியவ சிரிச்சா: "உரத்தைக் கொட்டின மண்ணும் இப்படித்தான் மாமா, மேலே பச்சையாச் சிரிக்கும், உள்ளே செத்துக்கிட்டிருக்கும்." கடைக்குட்டி மட்டும் சிரிக்கலை. "நீங்க பொய் சொன்னா அடுத்து வர்றவங்களுக்கு வலிக்கும் மாமா"ன்னா. "போடி, மாமன் உடம்பு இரும்பு"ன்னு விரட்டிட்டேன். எப்படியும் அவ மருந்தை ஜெயிக்க வச்சாச்சு! இதை உன் தெரு முழுக்கச் சத்தமாப் படிச்சுக் காட்டு.

அத்தானுக்கு வணக்கம். உன் ஆசி எனக்கு, என் ஆசி உன் சிங்கங்களுக்கு.

இப்படிக்கு,
இரும்பு மாமன்

பின்குறிப்பு: அக்கா, தெருவுல படிக்காதே. கடைக்குட்டியே டாக்டரம்மாகிட்ட போய், "அவர் என் மாமா, அவர் கணக்கு வேண்டாம்"னு சொல்லி என்னைச் சோதனையிலிருந்து தூக்க வச்சுட்டா. அப்புறம் யாருக்கு எந்த மருந்துன்னு எழுதி ஒட்டி வச்ச உறையைப் பிரிச்சுப் பார்த்தா, எனக்குப் போட்டது பழைய மருந்து! நான் போட்ட முட்டையெல்லாம் எதிராளி கூடைக்குப் போக இருந்துது. பிள்ளையை நீ வளர்த்த வளர்ப்பு அப்படி, தப்பிச்சா. "இப்பவாவது சொல்லுங்க மாமா"ன்னா. "ஒன்பது"ன்னேன், கண்ணுல தண்ணி. டாக்டரம்மாவைக் கேட்டுப் புது மருந்தை அவளே போட்டா. கொஞ்ச நேரத்துல கிணறு வெட்டினவன் கடப்பாறையைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான். சத்தியமா முட்டை அக்கா! வார்டு முழுக்கக் கத்தறேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க.