மணல் மூட்டையோடு ஒரு சுற்று

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நான் சுகம் என்று எழுதிவிட்டு நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. முதலாவது பாதிப் பொய், இரண்டாவது முழு அக்கறை, இரண்டையும் ஏற்றுக்கொள். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வேனோடு வந்து என்னை உன் வீட்டுக்கே கூட்டிப்போவதில் எனக்குப் பூரண சம்மதம். தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டியாயிற்று, வீட்டுத் தரகரிடமும் சொல்லியாயிற்று. இந்த வீட்டில் இனி மனுஷன் குடியிருக்க முடியாது.

உனக்குத் தெரியாததா? பின்சுவரைத் தாண்டினால் கடற்கரைப் பூங்கா, அதில் அந்த மர ரோலர் கோஸ்டர். வண்டி சரிவில் இறங்கும்போதெல்லாம் எங்கள் அலமாரியில் தட்டுகள் கிடுகிடுக்கும், ஊரார் அலறல் சன்னல் வழியாக வரும். ஞாயிறு தவறாமல் உன் அக்கா ஏறுவாள், நான் கீழே நின்று அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். “ஒரு தடவை ஏறுங்களேன், செத்தா போயிடுவீங்க?” என்பாள். வாரா வாரம் அதில் ஏறியவள் சமையலறையில் ரேடியோவை நிறுத்தப் போன இடத்தில் விழுந்து போய்ச் சேர்ந்தாள். ஒருநாளும் ஏறாத நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

போன ஞாயிறு கால் தன் பழக்கத்துக்கு அங்கே போய்விட்டது, கையும் தன் பழக்கத்துக்கு அந்தப் பையை எடுத்துக்கொண்டது. அதே பைதான், கண்ணைக் குத்தும் சிவப்பு. பழுப்பு நிறத்தில் ஒன்று வாங்கித் தொலையேன் என்று எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன், கிழியக் கிழிய அதே சிவப்பில்தான் வாங்குவாள். கிழவன் கையில் பெண்பிள்ளைப் பையைப் பார்த்ததும் புதுக் காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“அது யாரு பை?”

“என் வீட்டுக்காரியோடது.”

“அவங்க எங்க?”

வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிய பதில் தானாக வந்தது. “சுத்திட்டிருக்கா, இப்ப இறங்கிடுவா.”

அவரும் என் பக்கத்திலேயே நின்றுவிட்டார். வண்டி வந்தது, எல்லோரும் இறங்கினார்கள். இன்னொரு சுற்றும் வந்தது. “எல்லாரும் இறங்கிட்டாங்களே ஐயா?” என்றார். நானும் அவரோடு சேர்ந்து ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தேனடா, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். “அப்ப நீங்களே ஒரு சுத்து போயிட்டு வாங்க. பையை நான் வெச்சிருக்கேன்” என்றார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் வண்டிக்குள் இருந்தேன்.

பிரேக் போடும் ஆளை உனக்கு நினைவிருக்கும், எல்லோரிடமும் “மெதுவா, மெதுவா” என்பாரே, அவரேதான். உன் அக்கா உட்காரும் முன்பெட்டியிலேயே என்னை உட்காரவைத்தார். அன்று கூட்டம் இல்லை. “ஆள் கம்மியா இருந்தா வண்டி அடுத்த மேட்டுல ஏறாது” என்று காலிச் சீட்டுகளிலெல்லாம் மணல் மூட்டைகளை வைத்தார். என் பக்கத்திலும் ஒன்று. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பியை மடியில் இறக்கிப் பூட்டினார். சங்கிலி கடகடவென்று இழுத்துக்கொண்டு மேலே போனது, நான் வெட்கமானம் பார்க்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டேன். அதற்கு என்னைவிடத் தைரியம் அதிகம். உச்சியில் ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். கடல் தெரிந்தது, எங்கள் சமையலறைச் சன்னல் தெரிந்தது. கீழே நின்றவர்களில் ஆண் யார் பெண் யார் என்றுகூடத் தெரியவில்லை. காவலாளி கையில் இருந்த சிவப்புப் பை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“மேலேருந்து உங்களைத்தான் பார்த்துட்டே வந்தேன்” என்பாள். “புளுகறதுக்கும் ஒரு அளவு வேணும்” என்பேன். அந்தப் பை ஏன் சிவப்பு என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது எனக்குப் புரிந்த நேரம் பார்த்து வண்டி கீழே பாய்ந்தது. என் அலறல் உன் ஊர்வரை கேட்டிருக்கும். எல்லோரும் பயம் என்று நினைத்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். வெளியே வரும் இடத்தில் படம் எடுத்துத் தருகிறார்கள். அதில் மூட்டை நன்றாக விழுந்திருக்கிறது, என் முகம்தான் மனுஷ முகமாக இல்லை.

அன்றிலிருந்து தட்டுகள் ஆடும்போதெல்லாம், மேலே இருந்து அவள் பார்க்கிறாள், கீழே நான் இல்லை என்று மனசு அடித்துக்கொள்கிறது. என்னால் தாங்க முடியவில்லை. சீக்கிரம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், மாடிப்படியில் பார்த்து இறங்குங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது தட்டுகள் ஆடின, பிரித்து எழுதுகிறேன். வேன் வேண்டாம். தரகரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் வா. காவலாளிக்கு இனி ஞாயிறு விடுமுறையாம், நான் ஏறினால் கீழே நின்று பையைப் பிடிக்க ஆள் இல்லை. கொஞ்சம் தூக்கிப் பிடி, மேலே இருந்து தெரிய வேண்டும்.