ரசமட்டமும் பில்லியர்ட்ஸ் மேசையும்

நீலகிரியில் சமதளம் என்று ஒன்று கிடையாது என்பதை அளந்து பார்த்தே நிரூபித்த ஒரே மனிதர் எங்கள் எஸ்டேட் கொத்தனார்தான். சட்டைப்பையில் எப்போதும் சரிவு காட்டும் ரசமட்டம் இருக்கும். அதனால் அவர் பெயரே ரசமட்டம். பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத் தட்டை நகர்த்திவிட்டு, ரசமட்டத்தை மேசைமேல் வைத்து, "கெழக்கால கா இஞ்சு சரிவுங்க" என்றவர். சம்பந்தமும் அந்தப் பக்கமே சரிந்தது.

போட்டோப் பைத்தியமும் உண்டு. கடையில் விற்கும் போட்டோத்தாள் ஆகாது. ஒளிபட்டால் கறுக்கும் வெள்ளி மருந்தை வெந்நீரில் இளக்கி, சிவப்பு விளக்கில், வெறும் தாளில் தானே பிரஷ்ஷால் பூசுவார். "செவுத்துக்குப் பூசறவன் காயிதத்துக்குப் பூச மாட்டனுங்களா?" என்பது அவர் வாதம். சுவர் நிற்கும், தாள் படுத்திருக்கும். படுத்த இடம் சாய்ந்தால் மருந்து ஒரு பக்கமாகத் தேங்கிவிடும். அங்கேதான் சிக்கல்.

சிலோனிலிருந்து வந்து எங்களிடம் கொழுந்தெடுத்த மூக்காயி, ஒருநாள் அவரிடம் ஒரு நெகட்டிவைக் கொடுத்தார். அங்கேயே தங்கிவிட்ட அக்காவின் படம். கீறல் விழுந்திருந்ததால் டவுன் ஸ்டுடியோ கையை விரித்துவிட்டது. வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம்.

"அக்கா இல்லாமத் தாலி ஏறக்கூடாதுங்கையா. பெருசாப் போட்டுக் குடுங்க, நாற்காலியில உக்கார வைக்கணும்."

முதல் தாளை ரசமட்டம் தன் வீட்டில் பூசினார். வீடு பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தது. அக்காவுக்கு ஒரு கன்னம்தான் கிடைத்தது. மருந்து இன்னும் ஒரே தாளுக்குத்தான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் வந்தார். நான் ஹெட் கிளார்க். எஸ்டேட் கிளப்புக்குச் செயலாளர். அதன் விதிப்புத்தகத்தை எழுதியவனும் நானே.

"ஏனுங்க சார், இந்த மலையில சாயாத எடம் ஒண்ணேதானுங்க. உங்க பில்லியர்ட்ஸ் மேசை."

"எப்பய்யா அளந்தே?"

"போன மாசம் கூரை ஒழுகுதுன்னு கூப்புட்டீங்களே, அப்பங்க."

"விதி ஒன்பது. மேசைமேல் திரவம் வைக்கக்கூடாது."

"நம்மூர்க் குளுருக்கு அரை நிமிசத்துல ஒறைஞ்சு போயிருமுங்க. அப்பறம் அது எப்படிங்க திரவம்?"

உறைந்த திரவம் பற்றி விதி ஒன்பதில் ஏதும் இல்லை. சாவியைக் கொடுத்தேன்.

சன்னல்களுக்குக் கம்பளி கட்டினார். மேசைமேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் கண்ணாடி, அதன்மேல் தாள். பிரஷ்ஷிலேயே மருந்து உறைவதற்குள் படுக்கையாக ஒரு பூச்சு, நெடுக்காக ஒரு பூச்சு. காயும்வரை கதவைத் திறக்கக்கூடாது என்று, தான் உள்ளே இருந்துகொண்டு, என்னை வெளியே காவல் வைத்தார்.

மத்தியானம் மேனேஜர் இரண்டு விருந்தாளிகளோடு வந்து நின்றார். "கதவைத் திறங்க, ஒரு ஆட்டம் போடணும்."

திறந்தால் அக்கா கருப்பு.

"முடியாது சார். விதி பதினாலு, உட்பிரிவு ஆ. மாதம் ஒரு ஞாயிறு மேசையின் மட்டம் சோதிக்கப்படும்" என்றேன். என் உத்தியோகத்தில் நான் சொன்ன முதல் பொய்.

"அப்படி ஒரு விதி இருக்கா?"

உள்ளிருந்து குரல் வந்தது: "நூல் அளவுகூடச் சரிவில்லீங்க சார்! ஜோரா இருக்குது!"

மேனேஜர் சீட்டாடப் போனார்.

வெள்ளிக்கிழமை அக்கா முன்வரிசை நாற்காலியில், இரண்டு கன்னத்தோடும், உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷத்தில் யாரோ படத்துக்கு மாலை போடப் போக, மூக்காயி கையைத் தட்டிவிட்டார். "உசுரோட இருக்காய்யா!"

படத்தின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு பிரஷ் தடம். "பூச்சு தப்பிருச்சுங்க" என்று ரசமட்டம் தலையைக் குனிந்தார்.

மூக்காயி அதைத் தடவிப் பார்த்தார். "இல்லீங்க. சிலோன்ல எங்க லயத்து வீட்டு மேல பனி இப்பிடித்தான் எறங்கும்."

பொய்யை முறைப்படுத்த, அந்த விதியைப் புத்தகத்தில் மையால் எழுதிச் சேர்த்திருந்தேன். ரசமட்டம் ஓய்வு பெற்று மலையை விட்டுக் கீழே இறங்கிய பிறகும் நான் அதை அடித்து நீக்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு, யாரும் ஆடாமல் அந்த மேசை அவருக்காகக் காலியாகவே கிடந்தது.