"நாளைக்கு வாங்க" என்று நான் வானொலியில் சொன்னதும், மறுநாளும் அதற்கு மறுநாளும் நடந்ததும்

அன்பு மருமகனுக்கு மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நான் நலமாக இருந்தால் இந்தத் தெருவே நலமாக இருக்கும் என்பது உனக்குத் தெரியும். அங்கே உன் நலத்துக்கும், உன் வீட்டுக்காரி நலத்துக்கும், உன் மேலதிகாரி மனம் இளகி உனக்கு விடுமுறை தருவதற்கும் வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நடந்தது எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே. சொல்ல வேண்டியது என் கடமை, சொன்னேன். காதில் வாங்காதது ஊர் செய்த தப்பு.

போன மாதம் நீ போனில் என்ன சொன்னாய்? "மாமா, அம்மா தச்சு அனுப்பின சட்டையில ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கண்ணு சரியில்லனு நினைக்கிறேன். முத்திப்போய் பார்வையே போயிடுமோனு பயமா இருக்கு மாமா. எப்படியாவது கண்ணைக் காட்டிடுங்க." நான், "என்கிட்ட விட்டுட்டே இல்ல? முடிஞ்சதுனு வெச்சுக்கோ" என்றேன். அன்று சாயங்காலமே மாடியிலிருந்து இறங்கி உன் அம்மாவின் தையல் மெஷின் எதிரில் போய் நின்றேன். அக்கா ஊசியைப் பல்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஊசியைச் சுற்றி நாலு பக்கமும் நூலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், காதை மட்டும் தவிர்த்து. "அக்கா, கண்ணைக் காட்டலாம் வா" என்றேன். "என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல. கம்பெனிக்காரன் ஊசிக் காதைச் சின்னதாக்கிட்டான். நீ போய் உன் வேலையைப் பாரு, இருந்தா" என்றாள். இருபது வருஷமாக அவள் வீட்டு மாடியில் இருக்கிறேன். ஒரு நாளாவது என் பேச்சை நம்பியிருப்பாளா? ஆனால் மெஷின் பக்கத்தில் இருக்கிற ரேடியோ சொன்னால் அது வேதவாக்கு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று நான் பத்து வருஷம் தொண்டை வறளச் சொன்னேன், நடக்கவில்லை. ரேடியோ ஒரே ஒரு தடவை சொன்னது. மறுநாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் நாக்கு வெந்துபோகிறது. சரி, அக்கா ரேடியோவைத்தான் கேட்பாள் என்றால் நானே ரேடியோவுக்குள் புகுந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன்தான். ஆறாம் வகுப்பில் எனக்குச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை, அதனால்தான்.

நம் சமூக வானொலி சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறையில் நடக்கிறது. ஒரு அறையில் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி, கதவுக்குப் பழைய கம்பளியைப் போர்த்தியிருப்பார்கள்; அதுதான் ஒலிப்பதிவு அறை. கீழே இஸ்திரி போடுகிற சூடு மேலே வரும், சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியும் கிடையாது, ஆகவே உள்ளே பேசப் போனவன் வெந்துதான் வெளியே வருவான். மத்தியானம் சாக்கடையில் குப்பை போடாதே நிகழ்ச்சி, சாயங்காலம் உள்ளூர்க்காரர்கள் நாடகம், நாடகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உடம்பைப் பார்த்துக்கொள் நிகழ்ச்சி. பொறுப்பாளர் அம்மாவுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் 'மூச்சு'. "மைக்குல மூச்சு விடாதீங்க, மூச்சு விடாதீங்க" என்பதைத் தவிர அவர் வேறு பேசி நான் கேட்டதில்லை. நான் போன அன்று, வெள்ளிக்கிழமை கண் பரிசோதனை முகாமைப் பற்றிச் சொல்ல, ஏற்கெனவே கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட தச்சர் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். வெளியில் வாய் ஓயாத மனுஷன். சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர் இழைக்கிற கட்டை மாதிரியே ஆகிவிட்டார். "ஆபரேஷனுக்கு அப்புறம் பார்வை எப்படி இருக்கு?" "இருக்கு." "வலிச்சுதா?" "தெரியல." "நேயர்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?" "தண்ணி வேணும்." மூச்சு தலையில் கை வைத்துக்கொண்டார். கதவோரம் நின்ற நான், "அம்மா, எனக்கும் ஆபரேஷன் ஆனதுதான், நான் பேசட்டா?" என்றேன். ஆகவில்லைதான். ஆனால் பொதுநலம் என்று வந்துவிட்டால் இந்தச் சில்லறையை எல்லாம் பார்க்கக் கூடாது, மருமகனே.

உட்கார்ந்தேன். பன்னிரண்டு நிமிஷம், ஒரு இருமல் இல்லை. ஆபரேஷன் முடிந்து கண் கட்டை அவிழ்த்ததும் எனக்கு முதலில் தெரிந்தது எதிர்வீட்டுக் கூரைமேல் இருந்த காக்காய், அடுத்தது அந்தக் காக்காயின் கண், அதற்கடுத்தது அந்தக் கண்ணுக்குள் நான் என்று சொன்னபோது, பக்கத்தில் இருந்த தச்சர், "எனக்கு இப்படியெல்லாம் தெரியலையே, என் ஆபரேஷன் சரியா நடக்கலையா?" என்று கலங்கிவிட்டார். கடைசியில் முகாம் விவரத்தைப் படிக்க மூச்சு ஒரு தாளை நீட்டினார். வேகத்தில் இருப்பவனுக்குத் தாள் எதற்கு? "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு எல்லாரும் சமூகக் கூடத்துக்கு வந்துடுங்க!" என்று முடித்தேன். வியாழன் சாயங்காலம் ஒலிபரப்பு, வெள்ளி காலை முகாம். நான் சொன்னதில் என்ன பிழை? ஆனால் வானொலிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டாம். பதிவு செய்கிற நிகழ்ச்சியில் இன்றைக்கு, நாளைக்கு என்று வாயே திறக்க மாட்டார்களாம், கிழமையைத்தான் சொல்வார்களாம். ஏனென்றால் எதையும் அடுத்த நாள் மறுபடி ஒரு தடவை போடுவார்களாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூச்சு கவனித்திருக்க வேண்டும். அவர் தச்சருக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்.

வியாழன் சாயங்காலம் தெருவில் மின்சாரம் இல்லை, ஒரு ரேடியோவும் பாடவில்லை. வெள்ளிக்கிழமை முகாமுக்கு வந்தது ஏழு பேர், அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். டாக்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் வானொலிக் கம்ப்யூட்டர் தன் கடமையைச் செய்து என் பேச்சை மறுபடி போட்டது, அதுவும் நாடகத்துக்கு நேர் முன்னால், ஊரே ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில். விடிந்தது சனிக்கிழமை. கூடத்து வாசலில் எண்பது பேர். மூச்சு ஐம்பது என்பார், பொறாமை. உள்ளேயோ சனிக்கிழமை மட்டும் காலையிலேயே நடத்துகிற நாடகம், அது வானொலியில் நேரடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. முடிதிருத்துகிறவர்தான் ராஜா, சாக்கடையில் குப்பை போட்டவனுக்குத் தண்டனை சொல்கிற கட்டம். முதலில் உள்ளே நுழைந்த பால்காரர் நேராகச் சிம்மாசனத்துக்குப் போய்க் கண்ணை விரித்துக் காட்டி, "டாக்டர், இடது கண்ணுல பூச்சி பறக்குது" என்றார். நேரடி ஒலிபரப்பில் வசனத்தை விடக் கூடாதென்று ராஜா, "இவனை இழுத்துச் செல்லுங்கள்!" என்று முழங்கினார். "இழுக்காதீங்கப்பா, நானே வர்றேன். எந்த ரூமு?" என்றார் பால்காரர். இது அத்தனையும் ஊர் முழுக்கக் கேட்டது.

மூச்சு காதிலிருந்த கருவியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். "ஐயா, நாளைக்குனா சொன்னீங்க?" "சொன்னது ஒரு தடவைம்மா. ரெண்டு தடவை போட்டது நீங்க." "இத்தனை பேரும் கண்ணைக் காட்டாம திரும்பிப் போனா, இனிமே நாம என்ன சொன்னாலும் ஒருத்தர் வரமாட்டாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். பாவம், லீவு நாள், ஆனாலும் அந்தத் தம்பி அரை மணியில் இருசக்கர வண்டியில் வந்து இறங்கினார். அதுவரை நாடகம் ஓடியது. வரிசையில் நின்றவர்கள் குடிமக்கள் ஆனார்கள், "மன்னர் வாழ்க" என்று நன்றாகவே சொன்னார்கள்.

அந்த வரிசையில் உன் அம்மா! என் திட்டம் பலித்தது என்று மனம் குளிர்ந்து நிற்கிறேன், வந்தவள் என் காதைப் பிடித்தாள். "ஏண்டா, உனக்கு எப்படா ஆபரேஷன் ஆச்சு? என் வீட்டு மாடியில இருந்துக்கிட்டு எனக்குத் தெரியாம கண்ணை எங்க கழட்டிக் குடுத்துட்டு வந்தே?" "அக்கா, மெதுவா. மைக் ஓடுது." "ஓடட்டும். நான் வந்தது என் கண்ணைக் காட்ட இல்ல, உன் வண்டவாளத்தைக் காட்ட." நான் அசரவில்லை. வந்தது வந்தாய், அந்த நாற்காலியில் உட்கார் என்று உட்கார வைத்தேன். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "ரெண்டு கண்ணுலயும் புரை. இவ்வளவு நாள் எப்படிச் சமாளிச்சீங்க? இன்னும் தள்ளிப்போட்டா ஆபத்து. அடுத்த மாசம் பத்தாம் தேதி வாங்க, பண்ணிடலாம்" என்றார். அக்கா எழுந்து ஓடப் பார்த்தாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல, எதுக்குப் பயம்?" என்றேன். நான் கொடுத்த தைரியத்தில் தலையை ஆட்டிவிட்டாள். நீ கேட்டதை முடித்துவிட்டேன். பத்தாம் தேதிக்கு முன்னால் நீ வந்து சேர்.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் எடுத்த காரியம் எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்து, பத்துப் பேர் பார்த்துப் பெருமூச்சு விடும்படி வாழ வேண்டும் என்று மனசார வாழ்த்தும்,

உன் மாமன்
(வானொலியில் பேசியவர்)

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. மேலே எழுதியதில் ஒரே ஒரு இடம் மாறிவிட்டது. நாற்காலியில் முதலில் உட்கார்ந்தது உன் அம்மா இல்லை. "ஆபரேஷன் ஆன கண்ணை டாக்டரும் ஒரு தடவை பாக்கட்டும், உக்காருடா" என்று என்னைத்தான் அமுக்கினாள். புரை எனக்கு. எழுந்து ஓடப் பார்த்தது நான், கையைப் பிடித்துக்கொண்டது அவள். உன் அம்மாவுக்குக் கண்ணாடி போட்டால் போதுமாம், போட்டும் விட்டாள். அதற்காக விடுமுறையை ரத்து செய்துவிடாதே. எந்தக் கண்ணுக்கு முதலில் செய்யலாம் என்று டாக்டர் கேட்டார். "ரெண்டுல எது கம்மியா பயப்படுதோ, அதுக்குப் பண்ணுங்க தம்பி" என்றேன். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.