பன்னிரண்டு மணிக்கு நெளிகிற வீடு

பிரியமுள்ள குலசிங்கம் மாமாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உங்கள் திருகோணமலை வீடும் பகல் பதினொரு மணிவரை சுகமாகவே இருக்கிறது.

வீட்டை நிலாவெளி ஹோட்டல்காரர் பிரகலாதனுக்கு வாடகைக்கு விடும் எண்ணத்தில், கூரையோரத்தை அழகாக்க நீங்கள் அனுப்பிவைத்த பிளாஸ்டிக் வலன்ஸ் பலகைகள் போன கிழமை வந்து சேர்ந்தன. அவர் எடுத்தால் நாங்கள் சாம்பல்தீவுக்குப் போகவேண்டும், துறைமுகத்தைப் பார்த்தபடி நான் வாசிக்கிற மேல்மாடி அறையில் யாரோ பயணியின் ஈரத் துவாய் காயும், ஆனாலும் உங்கள் சொல்லைத் தட்டாமல் கிண்ணியாவிலிருந்து தச்சுவேலை செய்கிற நிப்றாஸ் ஓடாவியைக் கூப்பிட்டேன். அவர் விடியற்காலைக் குளிரில் மரம் அறுக்கிற வாளாலேயே பலகையை அறுக்க, வெள்ளைத் தூள் தேங்காய்ப்பூப் போல விழ, கோழிகள் ஓடிவந்து கொத்திப் பார்த்து ஏமாந்தன. ஓரங்களைச் சீவி முடித்தவர், பலகையோடு வந்த ஆங்கிலத் தாளை என்னிடம் நீட்டி, "தங்கச்சி, கரையில இடைவெளி விடச் சொல்லிக் கிடக்கா?" என்று கேட்டார். இரண்டு பக்கத் தாள் மாமா, எழுத்தும் சின்னன்.

"நெருக்கி அடியுங்கோ நானா" என்றேன்.

அவரும் சுவருக்குச் சுவர் மயிரிழை விடாமல் வைத்து ஸ்குரூ முடுக்கினார். வெயில் ஏறப் பலகை நீண்டது, நீள இடமில்லாமல் வெளியே புடைத்தது, பன்னிரண்டு மணிக்கு முகப்பு முழுவதும் நெளிந்து நின்றது, பின்னேரம் ஒன்றும் அறியாததுபோல நேரானது. அந்த நேரம் பார்த்துப் பிரகலாதன் வீடு பார்க்க வரவா என்று கேட்டார். வெளிச்சம் நல்லாயிருக்குமென்று நான் மறுநாள் பகல் பன்னிரண்டரை சொன்னேன். வந்தவர் அண்ணாந்து பார்த்தார், ஒரு ஸ்குரூ துள்ளி அவருடைய காரில் விழுந்தது, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது. ஓடாவி மட்டும், "வாசிக்கத் தெரிஞ்ச புள்ளயெண்டுதானே உங்களுக்கிட்ட கேட்டன்" என்றார்.

ஆகவே மாமா, வாடகைக் கதையை இத்தோடு விடுவதே நல்லது என்பது என் தாழ்மையான கருத்து. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள், ரொறன்ரோப் பனியில் வழுக்காமல் நடவுங்கள்.

உங்கள் சொற்கேட்கும் மருமகள்,
கௌசிகா

பி.கு.: கடிதத்தை ஈமெயிலில் அனுப்பப் போன நேரம் பிரகலாதன் போனில் கூப்பிட்டார். இப்படி நெளிகிற வீடு கரையோரம் முழுக்கத் தேடினாலும் இல்லையாம், வெள்ளைக்காரர் மத்தியானச் சாப்பாட்டோடு இருந்து பார்ப்பினமாம், ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதலாமாம். "ஒரு பலகையிலயும் கைவைச்சிடாதேங்கோ" என்றார். உங்கள் போன் இலக்கத்தை அம்மா அவருக்குக் கொடுத்துவிட்டா. நாளை விடிய நிப்றாஸ் நானா வந்து கரையில் இடைவெளி விட்டு எல்லாப் பலகையையும் நேராக்கிவிடுவார். அதுவரைக்கும் தயவுசெய்து போனை எடுக்காதீர்கள்.