மாட்டுத் துரைமேல் நான் எழுதிய பொய்

மாடு தேயிலையைத் தின்னாது. கேமரன் மலையில் தவழும் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, தோட்டத்து நாற்றுகளை மாடுகள் தின்றுவிட்டதாகத் தோட்ட நிர்வாகியான துரைக்கு எழுதிக் கொடுத்தேன், நல்ல ஆங்கிலத்தில். எழுபதுகளில் நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி.

மாடுகளின் சொந்தக்காரி, எங்கள் மலைக்கு வந்துபோன துரைமார் அத்தனை பேரிலும் சிறந்த துரை. வயது பத்தொன்பது. கொழுந்து பறிப்பவள். எந்த வெள்ளைக்காரரோ விட்டுப்போன தொப்பி தலையில், பிரம்பு கையில். அவளை எல்லோரும் ‘மாட்டுத் துரை’ என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் என் செக்ரோல் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

விடியற்காலையில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பனி பால்போல நிற்கும்போது, ஐந்து மாடுகளுக்கும் பேர் கூப்பிடுவாள். பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் குரல் வரும். தாமதமாகக் கத்திய மாட்டிடம், “இன்னிக்கி ஒனக்கு அரைப்பேருதான், பாதிக் கூலிதான்” என்பாள். அந்த மாடு அன்று முழுக்கத் தலை நிமிராது என்று சத்தியம் செய்பவர்கள் இருந்தார்கள்.

பள்ளியை விட்டுவிட்டு லயத்தில் சும்மா சுற்றிய மூன்று பையன்களை அவள் வேலைக்குப் பிடித்துப் போட்டிருந்தாள். ஒருவன் உச்சிவெயிலுக்கு முன் கண் திறக்காதவன். ஐந்து மணிக்குப் புல்லறுக்கப் போனான். ஒருவன் பேசவே கூச்சப்படுகிறவன். திரிங்காப் ஊர்ச் சீனக் காய்கறித் தோட்டக்காரரிடம் மலாயில் பேரம் பேசி, சாணம் கொடுத்து மாடுகளுக்கு முட்டைக்கோஸ் இலை வாங்கி வந்தான். மூன்றாமவன் எடுத்ததற்கெல்லாம் கை ஓங்குகிறவன். அவனிடம் பால்வாளியைக் கொடுத்தாள்.

“கோவத்த வெளில கழட்டி வச்சிட்டு வாடா. இல்லாட்டி மாடு பால அடக்கிக்கும்.”

அவன் கொட்டகை வாசலில் நின்று மூச்சை இழுத்து விட்டு, பிறகே உள்ளே போவான்.

அந்த வருடம் மழை பத்து நாள் தள்ளிப்போனது. நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் போட வேண்டியவன் நான். பிரிஞ்சாங்கில் பூப்பந்துப் போட்டி, அதற்குப் போனதில் மறந்துவிட்டேன். நாற்றுகள் கருகின. கருகியதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்தப் பொய்யை எழுதினேன். துரை ரப்பர் தோட்டத்திலிருந்து புதிதாக வந்தவர். ஒரு வாரத்தில் மாடுகள் வெளியேற வேண்டும் என்றார்.

மாட்டுத் துரை ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு நேராகத் துரையின் பங்களா வாசலுக்கு வந்தாள். தேயிலைக் கொழுந்தை அதன் மூக்கருகே நீட்டினாள். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“ஏன் தின்னவில்லை?” என்று துரை ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

“நாற்றைத் தின்று வயிறு நிறைந்திருக்கிறது” என்றேன்.

வயிறு நிறைந்த அந்த மாடு நிதானமாகப் படியோரம் போய், துரையம்மா ஆசையாக வளர்த்த டேலியாப் பூச்செடி அத்தனையையும் தண்டோடு தின்று தீர்த்தது. என் பொய் அங்கேயே உடைந்திருக்க வேண்டும். துரையின் கண்ணில் பூக்கள் மட்டுமே பட்டன. ஒரு வாரம் மூன்று நாளாகக் குறைந்தது.

“கிராணி ஐயா, தொரகிட்ட என்னா சொன்னீங்க?” என்றாள்.

“உள்ளதைத்தான் சொன்னேன்.”

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் காலை, கம்போங் ராஜா சாலையில் அவள் ஐந்து மாடுகளையும் விற்பதற்கு நடத்திப் போனாள். மேகம் சாலைமேல் இறங்கியிருந்தது. முதலில் கால்கள் மறைந்தன, பிறகு முதுகுகள், கடைசியில் தொப்பி. கழுத்துமணிகள் மட்டும், மலையே தூக்கத்தில் முணுமுணுப்பதுபோல, நெடுநேரம் கேட்டன.

பதினைந்து நாளில் முதல் பையன் மறுபடி உச்சிவெயில்வரை தூங்கினான். இரண்டாமவன் வாய் திறக்கவில்லை. மூன்றாமவன் கள்ளுக்கடையில் ஒருவன் பல்லை உடைத்தான். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. துரையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தம் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்; என்னை ஆபீசிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மாற்றினார்.

கம்போங் ராஜாவுக்கு ஓடினேன். நான்கு மாடுகள் கிளந்தானுக்குப் போய்விட்டன. மீதியிருந்த சினைமாட்டை வாங்கி, லோரியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கொண்டுவந்தேன். மாட்டுத் துரை கதவைத் திறக்கவில்லை. கை ஓங்கும் அந்தப் பையன்தான் வெளியே வந்தான்.

“அக்கா வேணாங்கிறாங்க. நீங்களே வளக்கணுமாம்.”

ஆகவே வளர்த்தேன். பையன்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தூங்குகிறவன் விடியுமுன் கதவைத் தட்டினான்: “மணி அஞ்சர ஆச்சு லா. மாடு கத்துது, ஐயாவுக்குக் கேக்கலியா?”

அவள் தினமும் மாலையில் வேலியோரம் வந்து மாட்டைப் பார்ப்பாள். என்னைப் பார்க்க மாட்டாள். மூன்று மாதம் கழித்து ஒருநாள், மாட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

“கயித்த இவ்ளோ இறுக்கிக் கட்டாதீங்க, ஐயா. கன்னு போடற மாசம்.”

உடனே தளர்த்தினேன். முடிச்சு இறுகியிருந்ததால் கொஞ்ச நேரமாயிற்று. அவள் அதுவரை நின்றிருந்தாள்.

கன்று பிறந்த பத்தாம் நாள் காலை கொட்டகை காலி. தாயும் இல்லை, கன்றும் இல்லை. குளம்புத் தடங்கள் அவள் லயத்துப் பக்கம் போயிருந்தன. நான் யாரையும் விசாரிக்கவில்லை. பால்வாளியைக் கழுவித் துடைத்து, அவள் வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.