கண்ணாடிக் குழாய்க்கு வைத்த பொட்டு

நான் படித்த பௌதிகம் ஆயுத பூஜை அன்று லீவு போட்டுவிடும். (மற்ற நாட்களில் ஒழுங்காக வருகிறதா என்று கேட்காதீர்கள்.)

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். வானத்திலிருந்து வந்து நம்மைத் துளைத்துப் போகும் மியூயான் துகள்களை எண்ணுவது எங்கள் பிழைப்பு. துகள் ஒரு பிளாஸ்டிக் பலகையைக் கடக்கும்போது துளி வெளிச்சம் மின்னும். அதைப் பிடிக்க அதுவரை இருந்தது கண்ணாடிக் குழாய்; புதிதாக வந்தது நகக்கண் அளவு சிலிக்கான் சில்லு. இரண்டையும் ஒரே கறுப்புப் பெட்டிக்குள் மூடி வைத்து, சில்லின் கணக்கு குழாயோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு மாதம் பார்க்க வேண்டும். சோதனை கெட்டால் என் வேலை போய்விடும்.

இரண்டு நாள் பாக்கி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டர், யூபிஎஸ், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தோம். மாதமெல்லாம் உழைத்த குழாய்க்கு மட்டும் கிடையாதா? எனக்கு மனசு கேட்கவில்லை. குழாயில் ஹை வோல்டேஜ் இருப்பதை மறந்து பெட்டியைத் திறந்தேன். துளி வெளிச்சத்துக்கே சிலிர்க்கிற குழாயின் முகத்தில் ட்யூப்லைட் அடித்தது. திரையில் குழாயின் எண்கள் தலைதெறிக்க ஓடி, பூஜ்யத்தில் நின்றன.

எங்கள் குழுத் தலைவி மஞ்சுளா மேடம் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி ஓடிவந்தார். "அய்யோ தேவரே! வோல்டேஜ் ஆஃப் பண்ணலையா?"

"பொட்டு வைக்கத்தான் மேடம்..." குங்குமக் கிண்ணமும் கையுமாக அழுதேன்.

அவர் பெட்டியை மூடிவிட்டுச் சில்லைச் சோதித்தார். அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. "உன் முட்டாள்தனத்தையும் இது தாங்கிடுச்சும்மா. ரிப்போர்ட்ல எழுது."

அதுவரையிலான கணக்கு ஒத்திருந்ததால் வேலை தப்பியது. 'வெளிச்சம் பட்டும் பழுதாகவில்லை' என்று எழுதினேன். (பட வைத்தது யார் என்று எழுதவில்லை.) ஆனாலும் வருத்தமாக இருந்தது. புதியதற்குச் சாட்சி சொல்ல வந்த பழைய குழாயை, பாசம் காட்டியே கொன்றுவிட்டேன். மேடத்திடம் கேட்டு அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். துகள் பிடிக்க அங்கே வந்த விஞ்ஞானிகளுக்குப் பாதாளத்தில் பெட்டி சுமந்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவங்க பெட்டியத் தொடவே எங்களுக்குப் பயம். நீ தொறந்து பொட்டு வைக்கவே போயிட்டியா!"

இப்போது குழாய் எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது. வருடா வருடம் முதல் பொட்டு அதற்குத்தான். நான் குங்குமத்தைத் தொட்டதும் அப்பா குரல் கொடுப்பார்: "கரண்ட் ஆஃப் பண்ணிட்டியா, விஞ்ஞானி?"

வீடே சிரிக்கும். கம்பியே இல்லாத குழாய் அது. இருந்தாலும் ஒருதரம் பின்பக்கம் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.