ஆடி மாதத்து நேர்காணல்

"ஆடி முடியட்டும், அப்புறம் கூட்டிட்டு வா. இப்பப் புதுப்பொண்ணு இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது," என்றாள் முத்துப்பேச்சி, வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கியபடியே.

"யம்மா, குடித்தனம் பண்ணவா கூப்புடுறேன்? செத்த நேரம் வீடியோல ஆபீசருக்கு மூஞ்சியக் காட்டிட்டுப் போயிருவா."

"அந்த ஆபீசர ஆவணியில பேசச் சொல்லு."

ஆவணி வரைக்கும் நியூசிலாந்து காத்திருக்காது என்பதை இந்த அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று விக்னேஷ்குமார் விழித்தான். அவன் மனைவி தீபா அந்த நாட்டில் நர்ஸ். லீவில் வந்து ஆனிக் கடைசியில் அவனுக்குக் கழுத்தை நீட்டினாள். தாலியின் மஞ்சள் காய்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது. அவளுடைய அப்பா ஆண்டிச்சாமி முறைப்படி வந்து மகளை ஆயக்குடிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆடி முடிந்ததும் அவள் விமானம் ஏற வேண்டும். விசா கிடைத்தால் அவனும் பின்னாலேயே போகலாம். கிடைக்காவிட்டால் கட்டிய மனைவியை எத்தனை காலம் செல்போனிலேயே பார்ப்பது? நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணம் நிஜமா, இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்களா என்று விசாரிக்கத்தான் இந்த வீடியோ நேர்காணல்.

"ஆடின்னு உள்ளதச் சொல்லிற வேண்டியதுதானடா," என்றான் நண்பன் மன்சூர். பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருப்பவன்.

"வெள்ளக்காரங்களுக்கு ஆடியப் பத்தி என்னடா தெரியும்? சண்ட போட்டுப் பிரிஞ்சுட்டாங்கன்னு எழுதிருவாங்க."

"அப்ப என் வீட்டுல வச்சுப் பேசு. என் பொண்டாட்டி ஆரிபா அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

மறுநாள் தீபா பழனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால், கொய்யாப்பழப் பையோடு ஆண்டிச்சாமியும் இறங்கினார்.

"ஏனுங்க மாப்ளை, சௌக்கியமுங்களா? நீங்க பாட்டுக்குப் பேசுங்க. நான் இப்படி உக்காந்துக்கறனுங்க," என்று மன்சூர் வீட்டு சோபாவில் இருவருக்கும் நடுவில் அழுத்தமாக அமர்ந்தார்.

"மாமா, கேமராவுல நீங்களும் தெரிவீங்க."

"தெரிஞ்சாத் தெரியட்டுமுங்க. ஆடி மாசத்துல ஒட்டி உக்காரப்படாது."

போன் திரையில் இருவர் வந்தார்கள். ஒருவர் கண்ணாடி போட்ட வெள்ளைக்கார அதிகாரி அம்மா. இன்னொருவர் அவருக்குத் தமிழை மொழிபெயர்த்துச் சொல்லும் பாஸ்கல்.

"ரெண்டு பேரும் இந்த வீட்டுலதான் சேந்து இருக்கீங்களான்னு மேடம் கேக்குறாங்க," என்றார் பாஸ்கல்.

"ஆமா சார். கல்யாணம் ஆனதுலருந்து ஒருநாள்கூடப் பிரிஞ்சதில்ல."

ஆண்டிச்சாமி மெல்லத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தான்.

"வீட்டம்மாவ சமையலறையக் காட்டச் சொல்றாங்க."

தீபா போனை எடுத்துக்கொண்டு தைரியமாக ஒரு கதவைத் திறந்தாள். அது குளியலறை. அடுத்த கதவைத் திறந்தாள். சமையலறைதான், ஆனால் கல்யாண வீட்டைப் போலப் பிரியாணி அண்டாக்கள் அடுக்கியிருந்தன.

"ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய அண்டா எதுக்குன்னு கேக்குறாங்க."

"அவரு நல்லாச் சாப்பிடுவாரு சார்," என்றாள் தீபா. அதிகாரி அம்மா விக்னேஷின் ஒல்லிக்குச்சி உடம்பை உற்றுப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார்.

"நடுவுல உக்காந்திருக்கவரு யாரு?"

மாமனார் என்று சொன்னால் ஏன் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பார்களே! விக்னேஷ் முந்திக்கொண்டான். "வீட்டு ஓனரு சார்!"

"நல்லதாப் போச்சு. ஐயா, இவங்க உங்க வீட்டுல ஒண்ணாத்தான் குடியிருக்காங்களா?"

ஆண்டிச்சாமி அதுவரைக்கும் பொறுத்ததே பெரிது.

"என்னங்க பேச்சு இது! ஆடி மாசத்துல ஒண்ணா இருக்கறதாவது? நான் பொண்ணப் பெத்தவனுங்க. மாசம் பொறந்ததுலருந்து எம்புள்ள ஆயக்குடியில எங்கூட்டுல இருக்குது. இவரு நடுவுல ரெண்டு தடவ எங்கூட்டுச் செவுரேறிக் குதிச்சாருங்க. ரெண்டு தடவையும் நான்தான் புடிச்சுப் பழனி பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விட்டேன். அதுக்குத்தான் இன்னைக்குக் கூடவே வந்திருக்கேன்!"

விக்னேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். எல்லாம் போயிற்று. தீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் நின்ற மன்சூர், "யா அல்லா" என்று ஓசையில்லாமல் கதவைச் சாத்தினான்.

பாஸ்கல் ஆங்கிலத்தில் வெகுநேரம் விளக்கினார். அதிகாரி அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சுருக்கமாக ஏதோ சொன்னார்.

பாஸ்கல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, நீங்க சொன்னதுல ஒண்ணைக்கூட மேடம் நம்பலையாம். ஆனா கல்யாணத்த நம்புறாங்களாம். பொய்க் கல்யாணமா இருந்தா மாப்பிள்ளை எதுக்குச் சுவரேறிக் குதிக்கப்போறாரு, மாமனாரு எதுக்குக் காவல் இருக்கப்போறாருன்னு கேக்குறாங்க!"